சொல்லாததற்கு நன்றி

எங்கள் ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் கடைசியாகப் பேசுகிறவர் அவர்தான். வரவேற்புரை பள்ளிக்கூட அதிபருக்கு. தலைமை கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கருக்கு. சிறப்புரைக்கு வெளியிலிருந்து யாராவது வருவார்கள். ஒரு காலத்தில் வெள்ளை உடுப்பில் வந்தார்கள், பிறகு பச்சை உடுப்பில், பிறகு வரி உடுப்பில். வருகிறவர்கள் மாறினார்கள். நன்றியுரை மட்டும் அவருடையதாகவே இருந்தது.

யாரும் போட்டி போட்டு வாங்கிய பதவி இல்லை அது. ஒரு தரப்புக்கு நன்றி சொன்னவனின் பெயர் மற்றத் தரப்பின் காதுக்குப் போய்விடும். அதனால் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருக்கிற நேரத்தில் அவர் எழும்பிப் போவார். "உங்களுக்குப் பயமில்லையா மனேஜர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நன்றி சொன்னவன ஆரும் இன்னும் சுடல்ல, தங்கச்சி. வரவேற்கிற ஆள்தான் கவனமா இரிக்கோணும்" என்றார். அதிபர் அப்போது கடை வாசலில் சீனிக்காக நின்றுகொண்டிருந்தார்.

ஊர்ச் சங்கக்கடைக்கு அவர் மனேஜர். அரிசியும் மாவும் நிறுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. நாங்கள் இருந்தது வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். கிழக்குக் கரையில் பட்டணமும் ஆமியும். எங்கள் கரையில் வயலும் இயக்கமும். சில வருடங்களில் ஆமி இக்கரைக்கும் வந்து முகாம் போடும், பிறகு போய்விடும், இயக்கம் திரும்ப வரும். இரண்டு கரைக்கும் நடுவில் ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிப் போகிற ஒரு மிதவை ஓடும். அதைப் பாதை என்போம். சாமான் வந்தால் கடை திறப்போம். வராவிட்டாலும் திறந்து வைத்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருப்போம். அதனால் அவருடைய கதை எனக்கு நிறையத் தெரியும்.

முதல் வரிசையின் ஓரக் கதிரையில்தான் உட்காருவார். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவார். பேச்சாளர் நாடு என்பார், மக்கள் என்பார், எதிர்காலம் என்பார், மனேஜர் குடைப்பிடியைத் தடவிக்கொண்டு அரைக்கண் மூடியிருப்பார். நித்திரை என்றுதான் புதிதாகப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். பேச்சின் நடுவில் ஓரிடத்தில் பேச்சாளர் குரலைத் தாழ்த்தி, விரலை நீட்டி, "நீங்கள் ஒவ்வொருவரும்" என்பார். அந்தச் சொல் வந்தவுடன் மனேஜரின் கால் இரண்டும் செருப்பைத் தேடும்.

எல்லாப் பேச்சிலும் அந்தச் சொல் வந்தது. வெள்ளை உடுப்பும் சொன்னது, பச்சை உடுப்பும் சொன்னது, வரி உடுப்பும் சொன்னது. அந்தச் சொல்லுக்கு முன்னால் எல்லாம் பெரியதாக இருக்கும், வானத்தில் இருக்கும், நாங்களும் கை தட்டுவோம். அதற்குப் பின்னால் மண்வெட்டி வரும், நெல் மூட்டை வரும், வேலிக்கம்பு வரும். இலட்சியம் எல்லோருக்கும் பொது. மண்வெட்டி மட்டும் ஆளுக்கொன்று. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் களைப்பாக இருக்கிறது. வானொலியில் யாராவது சொன்னால்கூட எழும்பிப் போய் அணைத்துவிடுவேன்.

அவருடைய கெட்டித்தனம் என்னவென்றால், பேச்சாளர் சொன்னதற்கு மட்டும் அவர் நன்றி சொல்வதில்லை. சொல்லாததற்கும் சேர்த்துச் சொல்வார்.

தேர்தலுக்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் வந்தார். ஒவ்வொரு பிரசையும் தன் கடமையைச் செய்தால் நாடு தானாக எழும்பும், அதனால் வீட்டுக்கு ஒராள் வந்து சிரமதானத்தில் வயல் தெருவுக்கு மண் போடவேண்டும் என்று நீளமாகப் பேசினார். மனேஜர் எழும்பினார். அவர் நன்றி சொல்கிற ஒழுங்கு எப்போதும் ஒன்றுதான். முதலில் கோயிலுக்கு, பிறகு இடம் தந்த பள்ளிக்கூடத்துக்கு, ஒலிபெருக்கி தந்தவருக்கு, கதிரை தந்தவருக்கு, தேத்தண்ணி ஊற்றின பெண்களுக்கு, கடைசியாகப் பேச்சாளருக்கு. "மண் போடுறது நம்மட கடமை எண்டு ஐயா விளங்கப்படுத்தினவர். அதுக்கு மேல கல்லும் தாரும் போடுறது தன்ட கடமை எண்டும் சொல்லிட்டார். அதுக்கு ஊரின்ட பேரில விசேட நன்றி" என்றார். ஐயா அப்படி ஒரு சொல் சொல்லியிருக்கவில்லை. ஆனால் சனம் கை தட்டிவிட்டது. கை தட்டின பிறகு இல்லை என்று சொல்ல அந்த மனிதரால் முடியவில்லை, சிரித்துக் கும்பிட்டார். நாங்கள் மண் போட்டோம். கல் வந்தது. தார் வரவில்லை. அந்தக் கல்லும் அவருடைய நன்றியால் வந்ததுதான்.

ஆமி முகாம் போட்டிருந்த காலத்தில் ஒரு பெரியவர் சிங்களத்தில் பேசினார். மொழிபெயர்க்க ஒரு பொடியன் பக்கத்தில் நின்றான். நாட்டின் சமாதானத்துக்காக நீங்கள் ஒவ்வொருவரும் தெருவோரப் பற்றைகளை வெட்டித் துப்புரவாக்க வேண்டும் என்றார். அது வேளாண்மை வெட்டுக் காலம். கதிர் தலை சாய்ந்து நின்றது. மனேஜர் நன்றி சொன்னார். "வேளாண்மை வெட்டி முடிஞ்சு சூடும் அடிச்ச மறுகா பத்தைய வெட்டினாப் போதும் எண்டு பெரிய மனசோட சொன்ன துரைக்கு நன்றி." மொழிபெயர்த்த பொடியன் திகைத்துப் போய் மனேஜரைப் பார்த்தான், துரையைப் பார்த்தான். பிறகு ஏதோ சொன்னான். என்ன சொன்னானோ, துரை தலையாட்டினார். நாங்கள் வயல் வட்டைக்குப் போய்க் கதிர் வெட்டி முடித்தோம். பற்றையும் வெட்டினோம், வெட்டாமல் விடவில்லை.

இயக்கத்துப் பொடியன்மார் பங்கர் வெட்டக் கேட்ட போதும் அப்படித்தான். பிள்ளை பெற்ற வீடு, ஆம்பிளை இல்லாத வீடு, பன்றிக் காவலுக்கு வயலில் படுக்கிறவர்கள் வீடு எல்லாவற்றையும் விட்டுவிடச் சொன்ன தம்பிக்கு நன்றி என்றார். அந்தத் தம்பிக்குத் தான் இவ்வளவு நல்லவன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். வெட்கத்தோடு சிரித்தான்.

வீட்டில் அவருடைய மனைவி இதைப் பெரிதாக எடுப்பதில்லை. "ஊருக்கெல்லாம் நன்றி சொல்ற வாய், நான் குடுக்கிற தேத்தண்ணிக்கு ஒருநாள் சொல்லியிருக்கா?" என்று கடைக்கு வந்து என்னிடம் முறையிடுவார். மனேஜர் தராசைத் துடைத்துக்கொண்டே, "அவட்ட குறைக்கிறதுக்கு ஒண்டும் இல்லகா. அதான் நான் சொல்றல்ல" என்பார். அந்த அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்.

அவர்களுக்கு ஒரே மகள். என் தங்கச்சியும் அவளும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கில்தான் இருப்பார்கள். சின்ன வயதில் சைக்கிள் பாரில் உட்கார்ந்து தகப்பனோடு எல்லாக் கூட்டத்துக்கும் போவாள். மற்றப் பிள்ளைகள் விளையாடப் போய்விடுவார்கள், அவள் கடைசி மட்டும் இருப்பாள். பெரியவளான பிறகும் போனாள். "இவளுக்கு இதில என்ன இரிக்கி எண்டு தெரியல்ல" என்று அவர் பெருமையாகத்தான் சொல்வார்.

வருடங்கள் போகப் போக அவர் களைத்துப் போனார். கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அவர் குறைத்துக்கொண்டே இருந்தார். குறைத்த பிறகும் மிச்சத்தை நாங்கள்தான் கொடுக்க வேண்டியிருந்தது. ஒருநாள் கடையில், "நெல்லுக் கேட்டா பாதியாக்கலாம் தங்கச்சி. நாள் கேட்டா மாத்திப் போடலாம். அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றார். எதைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். பக்கத்து ஊர்களில் கூட்டம் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்கிறார்கள் என்ற கதை வந்துவிட்டது.

எங்கள் ஊருக்கு அவர்கள் வந்தது ஒரு பின்னேரம். வாவிக்கரையில் பள்ளிக்கூட வளவில் பாய் விரித்து எல்லோரையும் இருத்தினார்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். மேசை ஒன்று தனியாகப் போட்டிருந்தது. கூட்டம் முடிந்தவுடன் அந்த மேசையில் பெயர் பதிவார்கள் என்று அறிவித்தார்கள். என் தங்கச்சியை அம்மா தன் முழங்காலோடு சேர்த்து வைத்திருந்தார். அவள் அம்மாவின் கையை விலக்கிவிட்டு முன்னால் போய் மனேஜரின் மகளோடு உட்கார்ந்தாள். எனக்கு அப்பா இல்லை, அண்ணன் தம்பி இல்லை. கடையில் உழைத்து வீட்டைப் பார்க்கிறவள் நான், எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை என்றால் அவள்தான்.

பேசியவர் நன்றாகப் பேசினார். அதை நான் சொல்லத்தான் வேண்டும். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. இறந்துபோன தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். ஒரு வீடு எரிகிற போது பக்கத்து வீட்டார் எல்லோரும் ஆளுக்கொரு வாளி தண்ணீர் கொண்டுவருவது போலத்தான் இதுவும் என்றார், யாரோ ஒருவர் கொண்டுவருவார் என்று எல்லோரும் இருந்துவிட்டால் ஊரே எரியும் என்றார். சில பெண்கள் அழுதார்கள். நானும் கண்ணைத் துடைத்தேன், அப்படித் துடைத்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்கள் ஒவ்வொருவரும்" என்றார்.

நான் மனேஜரின் காலைப் பார்த்தேன். செருப்புப் போட்டபடியேதான் இருந்தது. அன்றைக்கு அவர் அதைக் கழற்றவே இல்லை.

எழும்பிப் போனார். ஊர் முழுக்க அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதை எப்படிக் குறைக்கப் போகிறார்? பிள்ளையைப் பாதியாக்க முடியாது. அறுவடைக்குப் பிறகு என்று தள்ளிப்போட்டாலும் அறுவடை வரத்தானே செய்யும்?

அவர் கோயிலுக்கு நன்றி சொன்னார். பள்ளிக்கூடத்துக்குச் சொன்னார். ஒலிபெருக்கிக்கும் கதிரைக்கும் சொன்னார். இவ்வளவும் வழக்கம். பிறகு பாய் தந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நன்றி சொன்னார். பாய் இழைத்த கைகளுக்குச் சொன்னார். தண்ணீர் அள்ளின கிணற்றுக்கும் அந்தக் கிணற்றை வெட்டின பழைய ஆட்களுக்கும் சொன்னார். அவர் இவ்வளவு நேரம் பேசி நாங்கள் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் நன்றியுரை தொடங்கினால் சனம் எழும்பத் தொடங்கும். பெண்கள் செருப்பைத் தேடுவார்கள், பாயைச் சுருட்டுவார்கள், பிள்ளைகள் ஒதுங்கப் போவார்கள். யாரும் அதைப் பிழையாக நினைப்பதில்லை, வளவின் ஓரத்தில் நின்ற பொடியன்மாரும் நினைக்கவில்லை. தனக்கான நன்றி கடைசியில் வர இருக்கிற போது பேச்சாளர் எழும்புவதும் மரியாதை இல்லை. அதனால் அவரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். கூட்டம் முடியாமல் மேசைக்கு வேலை இல்லை. மனேஜர் கூட்டத்தை முடிக்கவில்லை.

அம்மாவுக்கு அது முதலில் விளங்கியது. முன்னால் போய்த் தங்கச்சியின் தோளைத் தொட்டு, "போய்த் தண்ணி குடிச்சிட்டு வா" என்றார். தங்கச்சி எழும்பி, பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் தலையாட்டி ஏதோ சொன்னாள். தங்கச்சி திரும்பவும் இழுத்தாள், பிறகு தனியாகப் போனாள். கிணற்றடிக்குப் பின்னால் கண்ணா மரப் பற்றை, அதற்குப் பின்னால் வாவி, வாவியில் தோணிகள். ஐந்தாறு பிள்ளைகள் அப்படி அக்கரைக்குப் போனார்கள். மனேஜர் அப்போது வாவியில் மீன் பிடிக்கிறவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். குரல் கரகரத்துவிட்டது. தண்ணீர் கேட்டார், குடித்தார், தண்ணீர் கொடுத்தவருக்கு நன்றி சொன்னார். அவருடைய கண் மட்டும் முன்வரிசையை விட்டு நகரவில்லை.

கடைசியில் அவரிடம் சொல் தீர்ந்துபோனது. "நன்றி, வணக்கம்" என்றார். பேச்சாளர் எழும்பிப் பாய்களைப் பார்த்தார், பிறகு மனேஜரைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. முகம் மாறியதை நான் கண்டேன். அவர் வாயைத் திறக்க முதல் மனேஜரின் மகள் எழும்பி, சட்டையைத் தட்டிவிட்டு, நேரே மேசைக்குப் போய்த் தன் பெயரைச் சொன்னாள்.

தகப்பனைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தாள் என்று ஊர் சொன்னது. நானும் கனகாலம் அப்படித்தான் நினைத்தேன். ஓடிப்போன பிள்ளைகளின் வீட்டாரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், அம்மா வெயிலில் பங்கர் மண் சுமந்தார். மனேஜரை ஒன்றும் செய்யவில்லை. முதல் பெயரே அவருடைய வீட்டுப் பிள்ளையின் பெயர் அல்லவா.

அடுத்த மாரிக்குள் அவள் படமாகத் திரும்பி வந்தாள். அதே வளவில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். அதே ஆள் பேசினார். ஒரு தகப்பன் சமூகத்துக்குச் செய்ய வேண்டிய கடமையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு இந்த வீட்டைப் பாருங்கள் என்று மனேஜரைக் காட்டினார். பிறகு உட்கார்ந்தார். நன்றியுரைக்கு நேரம். மனேஜர் எழும்பவில்லை. அதிபர் எழும்பவில்லை, வண்ணக்கர் எழும்பவில்லை. எப்போது வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் நாங்கள் எல்லோரும் இருந்த இடத்திலேயே இருந்தோம். கொஞ்ச நேரத்தில் மழை பெய்தது, அதனால் கலைந்தோம்.

அதன் பிறகு அவர் எந்தக் கூட்டத்திலும் பேசவில்லை. கடையில் என்னோடும் குறைத்துக்கொண்டார். நன்றியுரை சொல்ல வேறு ஆள் கிடைக்கவில்லை. கூட்டங்கள் கேட்டது கேட்டபடியே முடிந்தன. நாங்கள் கேட்டது கேட்டபடியே கொடுத்தோம்.

சமாதானம் என்று சொன்ன காலத்தில் தங்கச்சி பாதையில் ஏறி இக்கரைக்கு வந்தாள். கிழக்குக் கரையில் பெரியம்மா வீட்டில் வளர்ந்து, கலியாணம் முடித்து, கையில் ஒரு பிள்ளையும் இருந்தது. மனேஜரைப் பார்க்கவேண்டும் என்று நின்றாள். கூட்டிப் போனேன். அவர் வளவில் வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். தங்கச்சி பிள்ளையை அவருடைய காலடியில் விட்டு, "மாமா, நீங்க அண்டைக்கு அவ்வளவு நேரம் கதைச்சிராட்டி நான் இல்ல. இவனும் இல்ல. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதெண்டு தெரியல்ல" என்றாள்.

அவர் மண்வெட்டியைச் சாத்தி வைத்தார். "எனக்குச் சொல்லாத புள்ள. உங்களுக்காக நான் கதைக்கல்ல. நீங்க எழும்பிப் போனத நான் காணவுமில்ல. என்ட புள்ள எழும்பிப் போவாள் எண்டு பாத்துப் பாத்துத்தான் இழுத்தன்" என்றார். பிறகு தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "பக்கத்தில நீதானே இருந்த. அவள் ஏன் எழும்பல்ல?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். எனக்கும் அது தெரியாது, தங்கச்சி எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"நான் கையப் பிடிச்சு இழுத்தன் மாமா. வரமாட்டன் எண்டிட்டாள். அந்த அண்ணர் சொல்றது சரிதானே, எல்லாரும் எழும்பிப் போனா வாளி ஆர் கொண்டாறது எண்டு கேட்டாள்."

பிள்ளை பாத்தி மண்ணை அள்ளி அவருடைய காலில் போட்டுக்கொண்டிருந்தான்.

"எல்லாக் கூட்டத்துக்கும் நான்தானே கூட்டிப் போனன்" என்றார். "நான் எதக் குறைக்கலாம் எண்டுதான் ஒவ்வொரு பேச்சையும் கேட்டன். அவள் எதச் செய்யோணும் எண்டு கேட்டிருக்காள். பக்கத்திலதான் இருந்தவள். எனக்குத் தெரியாமப் போச்சு."

உள்ளேயிருந்து அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார். அவருக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கும், ஆனால் ஒன்றும் கேட்காதவர் போல எங்களுக்குச் சீனி காணுமா, இன்னும் போடவா என்று கேட்டார். காணும் என்றோம். குடித்துவிட்டு, பிள்ளையின் கையைக் கழுவி, வீட்டுக்கு வந்தோம்.